இரண்டு கத்திரி

நாட்காட்டியில் கத்திரி தொடங்க இருபது நாள் முன்பே
என் மாடியில் தொடங்கிவிட்டது.

சத்துவாச்சாரி. மொட்டைமாடியில் ஒற்றை அறை எனக்கு.
பின்னால் மொட்டை மலை.
பகலெல்லாம் குடித்த சூட்டைப் பாறை
ராத்திரி பதினொன்றுக்கு எங்கள் பக்கம் துப்பும்.

மீன் கடைத் தெர்மாகோல் பெட்டிகள்,
பெயிண்ட் தீர்ந்த வாளிகள்,
கீழ்வீட்டில் கழற்றி எறிந்த சிங்க் ஒன்று:
இதுதான் என் நஞ்சை, புஞ்சை.

வெண்டை ஏழு இலையோடு மஞ்சளாகி நின்றது.
தக்காளி பூத்தது, பூத்தது,
ஒரு பூவும் காயாகவில்லை.
'ராவும் சூடா இருந்தா பூ கொட்டிடும்'
என்றார் உழவர் சந்தையில் விதை விற்கும் சம்பங்கி.
எனக்குத் தூக்கம் கொட்டுவதும் அதனால்தான்.

மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் துணி சோப்பும் அடித்தேன்.
மிளகாய் இலையைச் சுருட்டிக்கொண்டு
பேச மறுத்தது.
புடலை மட்டும் கம்பி ஏறி ஒரே ஒரு காய் விட்டது.
வளையாமல் நீள, வாலில் கல் கட்டினேன்.
பாலாற்றுக் கல். இப்போது அங்கே
எடுக்க இருப்பது அதுதான்.

கீழே வீட்டுக்காரம்மா. பெயர் பூங்காவனம்.
மாடியில் ஒரு தொட்டியும் ஆகாது.
'தளம் ஊறுதும்மா, இன்னா சொன்னாலும் கேக்கமாட்டேன்றியே.'
ஒன்றாம் தேதி வாடகையைக் கொடுத்து
இதை வாங்கிக்கொண்டு ஏறுவேன்.

வெள்ளிக்கிழமை, நாலரை மணி.
ஜெராக்ஸ் மெஷினுக்குள் யாருடைய பட்டாவோ
பாதி போயிருக்கையில்
கரண்ட் நின்றது.
வெளியே வெளிச்சம் பழுத்துவிட்டிருந்தது.
பிறகு புழுதி. மலையைக் காணோம்.
ஷட்டரை இறக்கிவிட்டு ஓடினேன்.

பச்சை வலை பறந்துபோய்
பக்கத்து வீட்டு டிஷ்ஷுக்கு முக்காடு போட்டிருந்தது.
பந்தல் ஒரு பக்கமாக மண்டியிட்டது.
கொடி நழுவிச் சுவர் தாண்டித் தொங்க,
புடலங்காய் கல்லோடு ஆடி ஆடி
கீழ்வீட்டுக் குளியலறைக் கண்ணாடியை
ஒரு முறை தட்டியது.
ஒரு முறை போதும்.

ஆலங்கட்டி.
முதலில் தகரத்தில்,
பிறகு என் உச்சியில்,
பிறகு தக்காளியின் கடைசிப் பூவில்.

தேங்காய் நார்த் தூள் கரைந்தோடித் தூம்பை அடைத்தது.
மாடி ஏரியானது.
வெண்டை கழுத்தளவில்.
'இன்னாடி இது!'
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி வந்தார் பூங்காவனம்.
இருவரும் குனிந்து
ஒரே ஓட்டைக்குள் கை விட்டோம்.
என் விரலில் மாட்டியது வேரா, அவர் வளையலா,
இழுத்தபின்தான் தெரிந்தது. வளையல்.
மறு இழுப்பில் அடைப்பு விட்டு
அத்தனை தண்ணீரும் கூச்சலோடு
தெருவில் யாருடைய பைக் மீதோ விழுந்தது.
அவர் சிரித்தார். நான் பார்த்ததில் முதல் தடவை.

அப்போது மின்னல்.
மூலையில், அவர் வீட்டுச் சிங்க்கில்,
மூன்று காய்.
இலையெல்லாம் கிழிசல். காம்பில் முள் விறைத்து நிற்க
காயில் ஒரு கீறலும் இல்லை.
'முள்ளு கத்திரிக்காயா?
எலவம்பாடி வெதயா?'
கேட்டுக்கொண்டே பறித்துவிட்டார்.
முள் குத்தியதற்கு முள்ளைத் திட்டினார், என்னை அல்ல.
'கண்ணாடி முந்நூறு ஆவும். இது போவ மீதி குடு.'

எட்டு மணிக்குக் காரக்குழம்பு வாசம்
படியேறி வந்தது.
கிண்ணம் வரவில்லை.

கரண்டும் வரவில்லை. ஆனால் தளம் குளிர்ந்திருந்தது.
ஈரப் பாயைப் பிழிந்து விரித்து
விடியும்வரை தூங்கினேன்.

காலையில் பார்த்தால் மிளகாய்
ஒரே ஒரு இலையை விரித்திருந்தது,
கடிதத்தைப் பிரிப்பதா வேண்டாமா என்பதுபோல.
முறிந்த கொடியில் சுண்டுவிரல் நீளத்துக்கு
இன்னொரு புடலைப் பிஞ்சு.
கல்லை அவர் திருப்பித் தரவில்லை,
குளியலறையில் சோப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாராம்,
சாட்சிக்கு.

கத்திரி முடிய இன்னும் பதினாறு நாள்.
வேறு கல் தேட வேண்டும்,
கொஞ்சம் சின்னதாக.